உடற்பயிற்சித் தசைப்பிடிப்பு: ஓர் ஆய்வு வரலாறு

தசைப்பிடிப்பு என்பது ஒரு தசை நம் விருப்பமின்றித் திடீரெனச் சுருங்கி, தளராமல் இறுகி நிற்பதால் உண்டாகும் வலி ஆகும். சில நொடிகளில் விடுவதும் உண்டு, சில நிமிடங்கள் நீடிப்பதும் உண்டு. கெண்டைக்கால், தொடையின் பின்பக்கம், பாதம் ஆகிய இடங்களில் இது மிகுதியாக வரும். அகராதிகள் இதைக் குரக்குவலி என்கின்றன. பேச்சு வழக்கில் குரக்களி என்பர். பட்டினப்பாக்கம் கடற்கரையில் புதிதாக ஓடத் தொடங்குபவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தால், உடன் வந்தவர் சொல்லும் முதல் வார்த்தை "உப்புக் குறைவு" என்பதாகவே இருக்கும். இந்த விளக்கத்துக்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. ஆனால் அது முழு விளக்கம் அன்று.

அந்த வரலாறு விளையாட்டுத் திடலில் தொடங்கவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களிலும் நீராவிக் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலும் வியர்வை கொட்ட உழைத்தவர்களிடமே மருத்துவர்கள் இதை முதலில் கவனித்தனர். இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த மாஸ் என்பவர் 1923இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வியர்வையில் உப்பு வெளியேறுகிறது. தாகத்துக்கு வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதால் உடலில் எஞ்சிய உப்பும் நீர்த்துப் போகிறது. அதனால் பிடிப்பு வருகிறது என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் ஊவர் அணை கட்டப்பட்டபோது, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டால்பட் 1932ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு சென்று, பிடிப்பால் துடித்த தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தார். சோடியமும் குளோரைடும் குறைந்திருந்தன. உப்புநீர் ஏற்றியதும் வலி அடங்கியது. உப்புப் போட்ட நீராகாரத்தையும் மோரையும் குடித்துவிட்டு வயலில் இறங்கும் நம் ஊர் உழவருக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

சென்னையில் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பட்டினப்பாக்கத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் சேப்பாக்கம் மைதானம். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை அங்கு இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டம் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அது இரண்டாம் முறை; முதலாவது 1960இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்தது. இந்த ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ஓட்டங்கள் எடுத்தார். அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட் மட்டுமே. சென்னைப் புழுக்கத்துக்குப் பழகாத உடல். களத்திலேயே வாந்தி எடுத்தார், தசைகள் பிடித்துக்கொண்டன, ஓட முடியாத நிலையில் பந்தை எல்லைக்கு விரட்டியே ஓட்டங்களைச் சேர்த்தார். ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் அவருக்குச் சலைன் ஏற்றப்பட்டது.

அதே ஆட்டத்தில், அதே அணியின் கிரெக் மேத்யூஸ் கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே பந்து வீசி 10 விக்கெட் எடுத்தார்! வெயிலும் புழுக்கமும் எல்லாருக்கும் ஒன்றுதான். பிடிப்பு மட்டும் ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. உப்புக் கொள்கைக்கு இது தொல்லையான கேள்வி. நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் செய்த சோதனைகளிலும், பிடிப்பு வந்தவர், வராதவர் இரு சாராரின் இரத்த உப்பு அளவிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மேலும், உப்புக் குறைவு உடல் முழுவதற்கும் பொது. பிடிப்போ உழைத்துக் களைத்த ஒரே தசையில்தான் பெரும்பாலும் வருகிறது.

1997இல் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஷ்வெல்னஸும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு விளக்கம் தந்தனர். தசையைச் சுருங்கத் தூண்டும் நரம்புக் குறிப்புகளும், போதும் என்று அடக்கும் குறிப்புகளும் இயல்பாகச் சமநிலையில் இருக்கும். தசை களைத்தால் தூண்டுதல் கூடி, அடக்குதல் குறைகிறது. தசை சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. பிடித்த காலை நீட்டிப் பாதத்தை முகம் நோக்கி இழுத்தால் வலி உடனே விடுவதற்கும் இதுவே காரணம்: இழுபடும் தசைநாண் அடக்கும் குறிப்பை அனுப்புகிறது. இப்போக்கில் 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சுவையானது. வெள்ளரி ஊறுகாய் நீரைக் குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிட விரைவில் பிடிப்பு விட்டது. அதிலுள்ள உப்பு இரத்தத்தில் கலக்க அந்நேரம் போதாது. புளிப்பு தொண்டையில் பட்டதும் எழும் நரம்பு அனிச்சையே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இரு கொள்கைகளில் எது சரி என்ற வாதம் இன்னும் முடியவில்லை. கடும் வெயிலில் மணிக்கணக்காக வியர்ப்பவருக்கு உப்பும் நீரும் தேவை என்பதை இரு சாராரும் மறுப்பதில்லை. அரை மணி நேரம் நடந்தவர் உப்பு மாத்திரை தேட வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது கேடும் செய்யும்.

பயிற்சிக்கு மறுநாள் வரும் வலியைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்வர். அது வேறு. படி இறங்கும்போது தொடை வலிக்கும், ஆனால் தசை இறுகி நிற்காது. 1902இலேயே அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப், பழகாத வேலையால் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே இதற்குக் காரணம் என எழுதினார். லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்ற நம்பிக்கை அதன் பின்னும் பல பத்தாண்டுகள் பாடம் போல் ஓதப்பட்டது. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தசையை விட்டு நீங்கிவிடுகிறது. வலியோ ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்சமடைகிறது. அதே பயிற்சியை ஓரிரு வாரம் கழித்துச் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். வலியோடு சிறுநீர் கறுத்த பழுப்பு நிறமாகப் போனால் அது தசை சிதைவின் அறிகுறி. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.