உணவு அருங்காட்சியகம், தஞ்சாவூர்

உணவு அருங்காட்சியகம் என்பது, இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூர் நிர்மலா நகரில் உள்ள தன் கோட்ட அலுவலகத்தில், பெங்களூரு விசுவேசுவரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் துணையோடு அமைத்த காட்சிக்கூடமாகும். 1,860 சதுர அடிப் பரப்பில் ஏறத்தாழ 1.1 கோடி ரூபாய்ச் செலவில் உருவான இக்கூடத்தை, மத்திய உணவுத்துறை அமைச்சராக இருந்த பியூஷ் கோயல் 15 நவம்பர் 2021 அன்று காணொலி வழியாகத் திறந்து வைத்தார். உணவுக்கெனத் தனியே அமைந்த நாட்டின் முதல் அருங்காட்சியகம் என்று அறிவிக்கப்பட்ட இது தஞ்சாவூருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. நெல் விளையும் காவிரிப் படுகையின் தலைநகரம் என்பதோடு, உணவுக் கழகம் தன் முதல் அலுவலகத்தை 14 ஜனவரி 1965 அன்று, அதாவது பொங்கல் நாளில், இந்நகரில்தான் தொடங்கியது.

பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து ‘தொடாதே’ என்று எழுதி வைப்பதற்கு மாறாக, பார்வையாளர் தாமே தொட்டும் இயக்கியும் அறிந்துகொள்ளும்படி அமைக்கப்படும் கூடங்களைச் செயல்முறை அருங்காட்சியகங்கள் எனலாம். சிறுவருக்கென்றே நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1899இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; சான்பிரான்சிசுகோவில் 1969இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், இயற்பியலையே கையால் இயக்கிப் பார்க்கும் விளையாட்டாக்கியது. இந்தியாவில் இவ்வகைக் கூடங்களைப் பெரிதும் வளர்த்தது 1978இல் உருவான தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் ஆகும். மேற்சொன்ன பெங்களூரு அருங்காட்சியகமும் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையமும் அதன் உறுப்புகளே. படுகை மாவட்டத்துப் பிள்ளைகள் கோளரங்கம் காணத் திருச்சிராப்பள்ளி அண்ணா அறிவியல் மையத்துக்குச் செல்கின்றனர். தஞ்சாவூர்க் கூடம் குழந்தைகளுக்கென்றே அமைக்கப்பட்டதன்று. ஆயினும் அளவில் சிறியதாக இருப்பதால், நீண்ட நடைக்குப் பழகாத மூன்று நான்கு வயதுப் பிள்ளையும் களைத்துப்போகாமல் முழுவதும் சுற்றிவர இயலும்.

வேட்டையாடியும் காய்கனி பொறுக்கியும் அலைந்த மனிதன் நிலத்தில் தங்கிப் பயிர் செய்யத் தொடங்கியது முதல், பல நாட்டினர் தானியம் சேமித்த முறைகள், சேமிப்பில் எழும் இடர்கள், கொள்முதல், இருப்பு, இடமாற்றம், வழங்கல் என உணவுக் கழகம் செய்யும் பணிகள் வரை இங்கு மாதிரி வடிவங்களாலும் தொடுதிரைகளாலும் விளக்கப்படுகின்றன. பள்ளி மாணவருக்கு இவை போதுமானவை. ஆனால் எழுத்துக் கூட்டத் தொடங்காத குழந்தைக்குத் தொடுதிரை என்பது வீட்டுக் கைப்பேசியின் பெரிய வடிவமே. அதில் விரல் படுவது வழவழப்பான கண்ணாடியில்தானே தவிர, உமியின் சொரசொரப்பிலோ அரிசியின் குளிர்ச்சியிலோ அன்று.

இளம்பிள்ளைகள் அளவு, எடை, கொள்ளளவு ஆகியவற்றை அள்ளியும் கொட்டியும்தான் அறிகின்றனர். மேலைநாட்டுச் சிறுவர் அருங்காட்சியகங்களில் மணல் தொட்டியும் நீர்த்தொட்டியும் இடம்பெறுவது அதனால்தான். அதற்கு நிகரான கருவி நெல்நாட்டில் பழங்காலந்தொட்டு உண்டு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும் பழைய முகத்தலளவை வாய்பாட்டை, நான்கு பாத்திரங்களும் ஒரு கூடை நெல்லும் கொண்டு ஐந்து வயதுக் குழந்தை தானே கண்டுகொள்ளும். நாழி எட்டானால் குறுணி எனப்படும் மரக்கால். மரக்கால் பன்னிரண்டானால் ஒரு கலம். ஊருக்கு ஊர் படி வேறுபட்டதால் எழுந்த குழப்பங்களைத் தவிர்க்க அரசர்கள் அளவைகளுக்குப் பெயரிட்டு நிலைநிறுத்தினர்: முதலாம் இராசராசன் தஞ்சாவூரில் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வரவேண்டிய நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கச் சொல்கின்றன. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் பெயர். காட்சிக்கூடத்துக்கு வரும் குடும்பம் அதே நாளில் பெரிய கோயிலுக்கும் செல்வது வழக்கமாதலால், பிள்ளையிடம் இதைச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இராது.

நெல்லில் விளையாட விடுவதில் ஒரு தொல்லையும் உண்டு. உமியின் மேலுள்ள நுண்ணிய முடிகளாகிய சுணை உடலிற் பட்டு அரிக்கும் என்பதைக் களத்து மேட்டில் வளர்ந்தவர் அறிவர். முழுக்கைச் சட்டையும் விளையாட்டு முடிந்ததும் ஒரு குளியலும் போதும்.

சேமிப்பு முறைகளின் மாதிரிகளைக் கண்ட பிள்ளைகளுக்கு உண்மைப் பொருளையும் காட்டலாம். படுகையின் பழைய வீடுகளில் மண்ணால் வனைந்த குதிரும் பலகையால் அடைத்த பத்தாயமும் இன்னும் சில எஞ்சியுள்ளன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தைச் சேர்ந்த, வட்டமான பெரிய செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வீட்டுக் குதிர் மட்டுமே அறிந்த குழந்தை அதன்முன் நிமிர்ந்து பார்க்கும்போது, ஓர் ஊரே உண்ணும் நெல் எவ்வளவு என்பது எந்தத் திரையும் காட்டாத அளவில் விளங்கும்.

சம்பா, தாளடி அறுவடை நடக்கும் ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலமே குழந்தைகளோடு இக்கூடத்துக்கு வர ஏற்றது. அப்போது சாலையோரங்களில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்னும் விதிக்காக உழவர் நெல்லைக் காயவைத்துக் காத்திருப்பதும், நெல் தூற்றப்பட்டு 40 கிலோ மூட்டைகளாகத் தைக்கப்படுவதும், மழை மிரட்டினால் தார்ப்பாய் விரிக்கப்படுவதும் எவரும் காணத்தக்கவையாக நடைபெறும். கொள்முதல் பற்றிய பகுதியைக் கூடத்துக்குள் பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.