பச்சை ஒளியின் பின்னே – 4: பழி கொசுவின் மீது

எட்டே நோயாளிகள். எட்டுப் பேருக்கும் சிறுநீரக வடிகட்டிகள் ஆங்காங்கே சிதைந்திருந்தன. எட்டுப் பேரின் ரத்தத்திலும், சொந்த வெள்ளணுக்களையே குறிவைக்கும் ஆன்டிபாடி இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிஸும் குழுவினரும் கண்டது இதைத்தான் என்று போன வாரம் நிறுத்தினோம். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன?

கொசு!

1982-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே வைரஸ் சந்தேகம் கேள்விக்குறியோடு நின்றது. ஆஸ்திரேலியாவில் கொசு பரப்பும் ராஸ் ரிவர் வைரஸ்தான் குற்றவாளியோ என்று யோசித்தார்கள். அந்த ஊரில், அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் கொசுவைத் துரத்தியதில் ஆன்டிபாடியை உலகம் கவனிக்காமல் விட்டது. கட்டுரை மூன்று ஆண்டுகள் அதிகம் சீந்துவாரின்றிக் கிடந்தது.

இனி ஐரோப்பாவுக்கு வாருங்கள். கோபன்ஹேகனில் நீல்ஸ் ராஸ்முசென் காது மூக்கு தொண்டை மருத்துவர். நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஃபோக்கோ வான் டெர் வூட சிறுநீரக மருத்துவர். மூக்கில் புண்ணாகத் தொடங்கி, நுரையீரல் வழியாகச் சிறுநீரகம் வரை இறங்கும் வெக்னர் நோய்தான் இந்த இருவரையும் சேர்த்துவைத்தது. கூடவே ஆலன் வீக். வெள்ளணுக் கருவைத் தாக்கும் ஆன்டிபாடிகளில் ஊறியவர்.

சோதனை எளிமையானது. ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளணுக்களைக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ஆல்கஹாலில் நனைத்துப் பதப்படுத்துவார்கள். அதன்மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, சற்றுப் பொறுத்துக் கழுவிவிடுவார்கள். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது அணுவைப் பற்றிக்கொண்டு போகாமல் நிற்கும். பிறகு, மனித ஆன்டிபாடியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் ஒளிர்சாயத்தை ஊற்றி, மறுபடி கழுவி, இருட்டறையில் நுண்ணோக்கி.

கரு இருட்டாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த சைட்டோபிளாசம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பச்சை!

1985 பிப்ரவரியில் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது. நோய் தீவிரமாக இருந்தவர்களின் 27 சீர மாதிரிகளில் 25 ஒளிர்ந்தன. நோய் அடங்கியிருந்தவர்களின் 32 மாதிரிகளில் ஒளிர்ந்தவை 4 மட்டுமே. திசுவை வெட்டி எடுத்துப் பார்த்தே உறுதிசெய்யவேண்டிய நோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை! (அந்த 4-ஐ மறந்துவிடாதீர்கள். பின்னால் பெரிய வம்பு வளர்க்கப்போகிறது.)

பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தன. அப்போதுதான் கணக்கில் வராத ஒன்று தலைகாட்டியது. மூக்கில் ஒரு கோளாறும் இல்லாமல் சிறுநீரகம் மட்டும் பழுதான சிலரின் சீரம், கருவை ஒட்டியே ஒளிர்ந்தது. அப்படியானால் தாக்கப்படுவது கருவா? லூபஸ் நோயிலும் அதுதானே நடக்கும்? இது வேறு நோயோ?

அமெரிக்காவில் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் ஃபால்க், ஜெனெட் இருவரும் அந்த ஒளியை நம்பவில்லை. அவர்கள் சந்தேகம் சீரத்தின் மேல் அல்ல, ஸ்லைடின் மேல். ஆல்கஹாலுக்குப் பதில் ஃபார்மலினில் பதப்படுத்திய அணுக்களில் அதே சீரத்தை விட்டால், ஒளி கருவை விட்டுவிட்டுச் சைட்டோபிளாசம் முழுக்கப் பரவிக்கிடக்கும்!

ஆக, ஆல்கஹால்தான் எதையோ இடம் பெயர்த்துக் கருவோடு ஒட்டவைத்திருக்கிறது. எதை? 1988-ல் பிடிபட்ட அந்தப் புரதத்துக்கு ஒளிர்சாயமே தேவையில்லை. அதன் சொந்த நிறமே பச்சை. புண்ணில் வடியும் சீழில் நீங்களே அதைப் பார்த்திருப்பீர்கள்...

(அடுத்த வாரம்)