எஞ்சினின் காலக்காப்பாளன்: கேம்ஷாப்ட் வளர்ந்த வரலாறு

குஜிலியம்பாறை வட்டாரம் கிணற்றுப் பாசனத்தை நம்பிய வானம் பார்த்த பூமி. மின்சார மோட்டார் வருவதற்கு முன்னர் இத்தகைய ஊர்களின் கிணறுகளில் ஆயில் எஞ்சின்கள் நீர் இறைத்தன. அந்த எஞ்சினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஓடத் தொடங்கினால் நிறுத்தும் வரை ஒரே வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 650 சுற்று என்று அமைத்திருந்தால் 650. 1500 என்றால் 1500. அந்த வேகம் மாறாமல் கவர்னர் பார்த்துக்கொள்ளும்.

இனி, அதே ஊரிலிருந்து எரியோடு வழியாகத் திண்டுக்கல்லுக்குப் போகும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். கடைவீதியில் அது நின்று நின்று செல்கிறது. அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 600 அல்லது 700 சுற்றுகளே சுழல்கிறது. முன்னே செல்லும் பேருந்தைத் தாண்டும்போது 4000 சுற்றை எட்டுகிறது. அதே கார் ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குச் சென்றால், 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் குறைந்த வேகத்தில் நிறைந்த இழுவையைக் காட்ட வேண்டும்.

கிணற்று எஞ்சினுக்கு ஒரு வேகம். கார் எஞ்சினுக்கோ நூறு வேகம். இந்த நூறில் எந்த வேகத்தில் எஞ்சின் நன்றாக மூச்சு விட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்யும் உறுப்பே கேம்ஷாப்ட். “அதிகத் திறன் தரும் கேம்ஷாப்ட்” ஒன்றை அன்றாடம் ஓட்டும் காரில் பொருத்தலாமா என்ற கேள்வி, கார் மீது ஆர்வங்கொண்ட இளைஞர் பலருக்கு எழுகிறது. இதற்கு விடை காண, அந்த உறுப்பு வளர்ந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

முட்டை வடிவப் புடைப்பு

கேம் என்பது சுழலும் தண்டின்மேல் உள்ள முட்டை வடிவப் புடைப்பு. தண்டு சுழலும்போது புடைப்பின் மூக்கு, தன்மேல் அமர்ந்துள்ள உறுப்பை உயர்த்தி இறக்குகிறது. இது புதிய கருத்தன்று. நீர்ச்சக்கரத்தால் சம்மட்டியைத் தூக்கிப் போடும் பொறிகளில் பன்னூறு ஆண்டுகளாகக் கேம் பயன்பட்டு வந்தது. 1206ஆம் ஆண்டில் அல் ஜஸாரி என்ற அறிஞர் தமது பொறிகள் பற்றிய நூலில் கேம்கள் பொருத்திய தண்டுகளை விளக்கியிருக்கிறார்.

1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ நான்கு அடிப்பு எஞ்சினை உருவாக்கினார். உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் என்ற நான்கு செயல்களும் முடிய, கிராங்க்ஷாப்ட் இரண்டு முறை சுழல வேண்டும். இந்த இரண்டு சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் ஒரே முறைதான் திறக்க வேண்டும். எனவே வால்வுகளை இயக்கும் தண்டு கிராங்க்ஷாப்ட்டின் பாதி வேகத்தில் சுழன்றது. இன்றைய கேம்ஷாப்ட்டும் அப்படியே சுழல்கிறது.

ஆனால் தொடக்க காலக் கார் எஞ்சின்கள் பலவற்றில் வெளியேற்று வால்வை மட்டுமே கேம் திறந்தது. உள்வால்வு ஒரு மெல்லிய சுருள்வில்லால் மூடப்பட்டிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறந்துவிடும். எளிய ஏற்பாடுதான். ஆயினும் வேகம் கூடக் கூட, அந்த வால்வால் உரிய நேரத்தில் திறந்து மூட இயலவில்லை. 1901இல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் மேபாக் உள்வால்வையும் கேம் கொண்டே திறந்தார். அதன் பின் வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது பொறியாளரின் கைக்கு வந்தது. 1912இல் பிரெஞ்சுக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்ற பியூஷோ கார், சிலிண்டர்களின் தலைமீதே இரண்டு கேம்ஷாப்ட்டுகளைக் கொண்டிருந்தது. பந்தய எஞ்சின்களுக்கு அது வழிகாட்டியாயிற்று.

காற்றுக்கும் எடை உண்டு

பிஸ்டன் கீழே இறங்கும் நேரம் மட்டும் உள்வால்வு திறந்திருந்தால் போதாதா? போதாது. காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கிய காற்று உடனே நிற்காது. வேகமாக ஓடும் எஞ்சினில், பிஸ்டன் கீழ் முடிவைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பின்னும் குழாயில் விரைந்து வரும் கலவை உள்ளே புகுந்துகொண்டேயிருக்கும். ஆகவே உள்வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவது இலாபம்.

மெதுவாக ஓடும் எஞ்சினிலோ காற்றுக்கு அந்த உந்துதல் இல்லை. மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உள்வால்வு 230 பாகைக்குத் திறந்திருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும்போது அது திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 64 பங்கு. 6000 சுற்றில் 6.4 பங்குதான். மூச்சு இழுக்கக் கிடைக்கும் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பந்தயக்காரர்கள் வால்வை அதிகப் பாகைக்குத் திறந்துவைக்க விரும்புவதன் காரணம் இதுவே.

மற்றொரு செய்தியும் உண்டு. வெளியேற்று வால்வு மூடி முடிவதற்குள் உள்வால்வு திறக்கத் தொடங்குகிறது. சிறிது நேரம் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும். அதிவேகத்தில், வெளியேறும் புகை தன்பின்னே புதுக் கலவையை இழுத்துவர இது உதவுகிறது. குறைந்த வேகத்திலோ புகை உள்குழாய்க்குள் திரும்பி நுழைகிறது. கார் நிற்கும்போது எஞ்சின் குலுங்குவதும், எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறுவதும் இதனால்தான்.

ஒரே குடும்பம், இரு குணங்கள்

நம் நாட்டுச் சாலைகளில் அரசோச்சிய அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் அதற்குப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 கனசெண்டிமீட்டர் ‘பி’ வரிசை எஞ்சின் வந்தது. வால்வுகள் சிலிண்டரின் தலையில் இருந்தன. கேம்ஷாப்ட் கீழே எஞ்சின் உடலில் இருந்து நீண்ட தள்ளுகோல்களால் அவற்றை இயக்கியது. அதன் திறன் சுமார் 55 குதிரைத்திறன். அதே நிறுவனம் 1955இல் வெளியிட்ட எம்ஜிஏ என்னும் விளையாட்டுக் காரிலும் இதே 1489 கனசெண்டிமீட்டர் எஞ்சின்தான். ஆனால் அதில் 68 குதிரைத்திறன் கிடைத்தது. விரைவில் அது 72 ஆயிற்று. இரட்டைக் கார்புரேட்டர், உயர்ந்த அமுக்க விகிதம் முதலிய மாற்றங்கள் சேர்ந்து இதைத் தந்தன.

அந்த நிறுவனத்தின் எஞ்சின்களில் வால்வு நேரம் எவ்வாறு வேறுபட்டது? 1959இல் வந்த சிறிய குடும்பக் காரான மினியில் உள்வால்வு மேல்முடிவுக்கு 5 பாகை முன்னர் திறந்து, கீழ்முடிவுக்கு 45 பாகை பின்னர் மூடியது. மொத்தம் 230 பாகை. 1962இல் வந்த விளையாட்டுக் காரான எம்ஜிபியில் 16 பாகை முன்னர் திறந்து 56 பாகை பின்னர் மூடியது. மொத்தம் 252 பாகை. இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் அளவு மினியில் 15 பாகை. எம்ஜிபியில் 37 பாகை.

45 பாகை என்றால் பிஸ்டன் தன் பாதையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு ஏறியிருக்கும். 56 பாகையில் ஆறில் ஒரு பங்கு. 80 பாகை வரை வால்வைத் திறந்துவைக்கும் முழுப் பந்தயக் கேம்ஷாப்ட்டும் உண்டு. அதில் பிஸ்டன் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஏறும்வரை கதவு திறந்தே கிடக்கிறது! கடைவீதி வேகத்தில் அந்த எஞ்சின் எப்படி இழுக்கும்?

இங்கே ஓர் எளிய உண்மையைக் கவனிக்க வேண்டும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. பந்தயக் கேம்ஷாப்ட் முறுக்குவிசையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. அதன் உச்சத்தை உயர்ந்த வேகத்துக்கு நகர்த்துகிறது. மேலே கிடைப்பது கீழே இழந்ததற்கு ஈடாக வருவதே.

இதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்தனர். 1961இல் வந்த மினி கூப்பர் காரின் 997 கனசெண்டிமீட்டர் எஞ்சின் 6000 சுற்றில் 55 குதிரைத்திறன் தந்தது. அதன் முறுக்குவிசை 3600 சுற்றில் உச்சம் அடைந்தது. 1964இல் அதற்குப் பதிலாக 998 கனசெண்டிமீட்டர் எஞ்சின் வைக்கப்பட்டது. திறன் அதே 55. ஆனால் முறுக்குவிசை சற்றுக் கூடி, 3000 சுற்றிலேயே உச்சத்தை எட்டியது. கேம்ஷாப்ட் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆயினும் பந்தயப் புகழ் பெற்ற அந்தக் காரிலுங்கூட, சாலையில் ஓட்டுபவருக்கு எது தேவை என்பதை இந்த மாற்றம் காட்டுகிறது.

சோழவரத்தில் நடந்தது

தமிழகத்தில் இந்தப் பாடம் சோழவரத்தில் கற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான அங்கே, 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் அமையும்வரை சோழவரமே தென்னாட்டுப் பந்தய ஆர்வலரின் யாத்திரைத் தலம். அங்கே ஓடியவற்றுள் பல நாம் தெருவில் கண்ட பியட், அம்பாசடர், ஹெரால்டு கார்களே.

இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்நாளில் வெளிநாட்டுப் பந்தய உறுப்புகள் எளிதில் கிட்டா. பழைய கேம்ஷாப்ட்டையே மறுபடி சாணை பிடிப்பது ஒரு வழி. புடைப்பின் அடிவட்டத்தைக் குறைத்தால் மூக்கின் உயரம் தானே கூடுகிறது. வால்வு அதிகமாகத் திறக்கிறது. நீண்ட ஓடுதளத்தில் எஞ்சினை எப்போதும் உயர் வேகத்திலேயே வைத்திருக்கலாம் என்பதால் கீழ் வேக இழப்பு அங்கே ஒரு பொருட்டாகவில்லை. எண்ணிப் பார்த்தால், பந்தயக் காரும் கிணற்று எஞ்சினும் ஒருவகையில் உறவினர்களே! இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகப் பகுதிக்காக அமைக்கப்பட்டவை.

கோவையைச் சேர்ந்த கரிவர்தன், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். தெருவில் ஓடும் எஞ்சினை எடுத்து, பந்தயத்துக்கென்றே தனி வண்டியை அவர் அமைத்தது கவனிக்கத்தக்கது. இன்று கோவையருகே உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உங்கள் காருக்கு எது?

அன்றாடக் காருக்குக் கேம்ஷாப்ட் தேர்வதானால் முதற்கேள்வி, “எத்தனைக் குதிரைத்திறன்?” என்பதன்று; “நான் எந்தச் சுற்று வேகத்தில் ஓட்டுகிறேன்?” என்பதே. பழைய பத்மினி, அம்பாசடர் போன்ற கார்கள் மேல்கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் செல்லும்போது எஞ்சின் ஏறத்தாழ 2000 சுற்றுகளே சுழலும். எரியோட்டுச் சாலையில் பெரும்பாலான நேரம் அங்கேதான் ஓடும். 4000 சுற்றுக்கு மேல் விழித்துக்கொள்ளும் கேம்ஷாப்ட்டால் அந்தக் காருக்கு என்ன பயன்?

இரண்டாவது, கேம்ஷாப்ட் தனியே வேலை செய்வதில்லை. உள்வால்வு தாமதமாக மூடினால் குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் உண்மையில் அமுக்கப்படும் கலவை குறைகிறது. அதை ஈடு செய்ய அமுக்க விகிதத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஆக்டேன் மிகுந்த பெட்ரோல் வேண்டும். வேகம் கூடினால் வால்வுச் சுருள்வில் வலுவானதாக இருக்க வேண்டும். இல்லையேல் வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். வால்வு அதிகம் திறந்தால் பிஸ்டனில் மோதுமா என்று அளந்து பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், பெட்ரோல் செலவு கூடும், இழுவை குறையும்.

மூன்றாவது, பழைய கார் சோர்ந்து போனதற்குப் பல வேளைகளில் காரணம் தேய்ந்த கேமே. மூக்கு தேய்ந்தால் வால்வு முழுதும் திறக்காது. டைமிங் செயின் தளர்ந்தால் நேரமே பிசகிவிடும். இவற்றைச் சரிபார்த்து, தயாரிப்பாளர் வகுத்த அளவிலேயே புதிய கேம்ஷாப்ட் போட்டு, டேப்பெட் இடைவெளியையும் சரியாக வைத்தால் அந்தக் கார் புத்துயிர் பெறும். மாற்றம் வேண்டுமென்றே விரும்புவோர், மூல அளவை ஒட்டிய மிதமான கேம்ஷாப்ட்டோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. புகைச் சோதனையும் உண்டு.

இரு குணமும் ஓர் எஞ்சினில்

குறைந்த வேகத்துக்கு ஒரு கால அட்டவணை, உயர் வேகத்துக்கு மற்றொன்று என இரண்டையும் ஓர் எஞ்சினிலேயே வைக்க முடியாதா? இக்கேள்விக்கும் விடை கிடைத்தது. 1980இல் ஆல்பா ரோமியோ, வால்வு நேரத்தை ஓடும்போதே மாற்றும் ஏற்பாட்டைத் தன் ஸ்பைடர் காரில் கொண்டுவந்தது. 1989இல் ஹோண்டா, ஒரே தண்டில் இருவகைக் கேம்களை வைத்து, உயர் வேகத்தில் எண்ணெய் அழுத்தத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் முறையை இன்டெக்ரா காரில் அறிமுகப்படுத்தியது. இன்று நம் நாட்டில் விற்கும் சாதாரணப் பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு இருக்கிறது. மேபாக்கின் காலத்தில் மாறாத ஒரே நேரத்தில் தொடங்கிய பயணம், வேகத்துக்கு வேகம் மாறும் நேரம் வரை வந்திருக்கிறது.

சென்னையில் ஓடும் விரைவு ரயிலின் கால அட்டவணையைக் கொண்டுவந்து குஜிலியம்பாறையின் நகரப் பேருந்துக்கு மாட்டினால், பேருந்து விரைவு வண்டியாகிவிடாது. நிறுத்தங்களில் நிற்பவர்கள்தாம் தவித்துப் போவார்கள். கேம்ஷாப்ட்டும் ஒரு கால அட்டவணைதான். உங்கள் கார் எந்தப் பாதையில், எந்த வேகத்தில் அன்றாடம் ஓடுகிறதோ அதற்குப் பொருந்துவதே உங்களுக்கு உயர்ந்த கேம்ஷாப்ட்.