முட்டுக் கொடுத்தவர்கள்

கோதிக் பேராலயம் என்றாலே எல்லோரும் அதன் வெளிச்சத்தைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் முதுகுப்புறம்.

பிரான்சின் அமியான் பேராலயத்தை 1220-இல் கட்டத் தொடங்கினார்கள். கல் விதானம் 42 மீட்டர் உயரத்தில் நிற்கிறது; சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. இவ்வளவு கல்லையும் யாருப்பா தாங்குறது?

அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும். அந்தச் சுவரில் பெரிய சன்னல் வைக்க முடியாது. கூர்வளைவு அந்தத் தள்ளலைக் குறைத்தது. விதானத்தின் கல் விலாக்கள் பாரத்தைத் தூண்களில் கொண்டுபோய்ச் சேர்த்தன. மிச்சமிருந்த தள்ளலை, கட்டடத்துக்கு வெளியே நின்ற முட்டுத்தூண்கள் பாலம் போன்ற வளைவுகள் வழியாக வாங்கிக்கொண்டன. சுவருக்கு வேலை குறைந்தது; வெளிச்சம் உள்ளே வந்தது. உள்ளே நிற்பவர் கண்ணில் முட்டு படவே படாது.

பினாங்கில் இருக்கும் எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் லெபோ பார்குவாரில் நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். அது கோதிக் இல்லை. வெள்ளைத் தூண்கள், முன்மண்டபம், மேலே ஒரு கூம்புக் கோபுரம், அவ்வளவுதான். சென்னையின் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தின் சாயலில் 1818-இல் கட்டி முடித்தார்கள். மதராஸ் வெயிலுக்குச் சரிப்பட்ட தட்டைக்கூரை நம்ம ஊர் மழைக்குச் சரிப்படவில்லை. 1864-இல் அதைச் சரிவுக்கூரையாக மாற்றினார்கள்.

கட்டியது யார்? மேற்பார்வையிட்ட ராணுவப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித்தின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. செங்கல் சுமந்தவர்களை, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து நாடுகடத்திய அந்த மனிதர்களை, 'கைதிகள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

அமியானிலும் கல் சுமந்த எல்லோருக்கும் பெயர் கிடைக்கவில்லை. ஆனாலும் 1288-இல் அங்கே தரையில் பதித்த புதிர்வட்டத்தில், பிஷப்பின் பெயரோடு ராபர்ட் த லுசார்ஷ் முதலிய மூன்று தலைமைக் கொத்தர்களின் பெயர்களையும் பொறித்தார்கள். கையால் வேலை தெரிந்தவனுக்கு அந்த மரியாதையாவது கிடைத்தது.

நம் தேவாலயம் 2007-இல் மலேசியாவின் தேசியப் பாரம்பரியச் சின்னமானது. பினாங்குத் தமிழர் வரலாற்றைத் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் தொடங்குவது நம் வழக்கம். விலங்கு மாட்டிய காலோடு சாரத்தில் ஏறியவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்கிறேன். அவர்களில் எத்தனை பேர் தமிழில் பேசிக்கொண்டு சுண்ணாம்பு குழைத்தார்களோ! முட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைப் பார்க்க நாம்தான் கட்டடத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.