என்ஜின் போயிற்று, ஃபோர்க் நின்றது

பெங்களூரு மின் இருசக்கர வண்டிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேட்டரியில் தொடங்கி மோட்டாரில் முடித்துவிடுகின்றனர். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஃபோர்க்கிற்கு அதில் ஒரு பத்தியும் கிடைப்பதில்லை. மோட்டார் பழுதானால் வண்டி நிற்கும். ஃபோர்க் முறிந்தால் ஓட்டுபவர் விழுவார். ஆகவே இவ்வுறுப்பின் வரலாற்றைத் தனியே பார்ப்பது அவசியம்.

நம் சாலைகளுக்கு வந்த ஃபோர்க்குகளில் இரு மரபுகள் முதன்மையானவை. முதலாவது, ஒன்றனுள் ஒன்று நழுவும் இரட்டைக் குழாய்களாலான டெலஸ்கோபிக் ஃபோர்க். எண்ணெயால் அதிர்வை அடக்கும் இவ்வமைப்பை 1935-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12 வண்டியில் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1955-இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வழியாக இது நமக்குப் பழகியது. இரண்டாவது, சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஒற்றைக் கை. விமானப் பொறியாளரான கொராதினோ தஸ்கானியோ 1946-இல் வெஸ்பாவுக்கு இதை அமைத்தார். விமானத்தின் தரையிறங்கு சக்கரமே அதற்கு முன்மாதிரி. பஜாஜ் ஸ்கூட்டர்கள் வழியே இதுவும் நம் வீட்டு வாசல்களுக்கு வந்து சேர்ந்தது.

எம்மரபாயினும் கணக்கு ஒன்றே. திருப்பு அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம் ரேக். அவ்வச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் டிரெயில். வண்டி நேராகச் செல்ல விரும்புவது இந்தத் தூரத்தால்தான். டயரின் ஆரம் 300 மி.மீ., ரேக் 25 பாகை, அச்சிலிருந்து சக்கர மையம் முன்தள்ளியிருப்பது 35 மி.மீ. என்றால், டிரெயில் ஏறத்தாழ 101 மி.மீ. ரேக் ஒரு பாகை குறைந்தால் அது 95 மி.மீ. ஆகிவிடும். வீட்டுப் பட்டறையில் மின் பைக் கட்டுபவர் பழைய பெட்ரோல் வண்டியின் ஃபோர்க்கை எடுத்துப் பொருத்துவது வழக்கம். அதன் சுருள்வில் வேறொரு எடைக்காக வடிக்கப்பட்டது. பேட்டரியின் பாரம் முன்பக்கம் கூடினால் ஃபோர்க் தாழும், ரேக் குறையும், டிரெயிலும் குறையும். பற்றவைப்பில் பிழையே இல்லாவிடினும் ஹேண்டில்பாரில் நிதானம் குறைந்துவிடும்.

இனி பெங்களூருக்கு வருவோம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர், தன் 450 ஸ்கூட்டரை 2018-இல் இந்நகரில் வெளியிட்டபோது டெலஸ்கோபிக் ஃபோர்க்கையே தேர்ந்தது. 2020-இல் பூனேயிலும் பெங்களூரிலும் முதலில் விற்பனைக்கு வந்த மின் சேத்தக், தன் பரம்பரைப்படி ஒற்றைக் கையோடு வந்தது. ஆம்ஸ்டர்டாமின் எட்டெர்கோவை 2020-இல் வாங்கிய ஓலா எலெக்ட்ரிக், அந்நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து வளர்த்த எஸ்1 வண்டியை 2021-இல் அறிமுகப்படுத்தியது. அதுவும் ஒற்றைக் கைதான். 2022-இல் வந்த அல்ட்ராவயலெட் எஃப்77 மோட்டார் சைக்கிளோ தலைகீழ் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை ஏற்றது.

முறிந்த ஃபோர்க்குகளின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவியபின், 2023 மார்ச்சில் ஓலா, எஸ்1 உரிமையாளர்களுக்கு முன்ஃபோர்க்கின் கையை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. உறுப்புகள் கடுமையாகச் சோதிக்கப்பட்டவையே என்பதும் அந்நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை எஸ்1 புரோ, டெலஸ்கோபிக் ஃபோர்க்குடன் வந்தது.

இதிலிருந்து ஒற்றைக் கை தவறு, இரட்டைக் குழாய் சரி என்று முடிவுகட்டுவது அவசரம். சேத்தக் அதே மரபைத் தொடர்ந்து சுமக்கிறது. வெஸ்பாவுக்கோ முக்கால் நூற்றாண்டைத் தாண்டிய சான்று உண்டு. வடிவத்தை விலைக்கு வாங்கலாம், வரைபடத்தில் நகலெடுக்கலாம். ஆனால் எந்தப் பள்ளத்தில், எவ்வளவு பாரத்தோடு, எத்தனை ஆயிரம் முறை இடித்தால் உலோகம் களைக்கும் என்ற அறிவு, பல்லாண்டு இங்கேயே ஓட்டி, உடைத்து, திருத்திச் சேர்க்கப்படுவது. என்ஜினை நீக்கியதால் பெட்ரோல் காலத்தின் அந்த அறிவு தேவையற்றதாகிவிடவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தால் பாரம் இன்றும் முன்சக்கரத்தின் மேல்தான் பாய்கிறது; பெங்களூரின் பள்ளங்களும் மின்வண்டிக்கென்று ஒதுங்கிக்கொள்வதில்லை.