ஆயியின் பதிவிடையும் கிபியோனின் ஆணையும்

போரில் சத்துருவை ஏமாற்றுவது நியாயமா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. யோசுவா 8ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் எவரும் அதைச் சந்தித்தே தீரவேண்டும். ஆயி பட்டணத்திற்குப் பின்னால் பதிவிடை வைக்கும்படி கட்டளையிட்டவர் கர்த்தரே. இஸ்ரவேலர் முறிந்தோடுவதுபோல் பாவனை செய்தனர். பட்டணத்தார் அவர்களைத் துரத்திக்கொண்டு வெளியேறினர். பதிவிருந்தோர் காவலற்ற பட்டணத்தில் புகுந்து அதற்குத் தீ வைத்தனர். பொய்யாகப் பின்வாங்குதலும் மறைந்திருந்து தாக்குதலும் அன்றுமுதல் இன்றுவரை படைத்தலைவர்கள் கையாளும் உபாயங்களாகும்.

ஆயினும், 9ஆம் அதிகாரத்தையும் சேர்த்தே நாம் வாசிக்கவேண்டும். அங்கே ஏமாற்றப்படுவோர் இஸ்ரவேலரே. கிபியோனின் குடிகள் பழைய இரட்டுப்பைகளோடும் பூசணம் பூத்த அப்பத்தோடும் தூரதேசத்தார்போல் வந்து உடன்படிக்கை பெற்றனர். மூன்று நாளில் உண்மை வெளிப்பட்டது. எனினும், கர்த்தரின் பேரில் இட்ட ஆணையை மீறப் பிரபுக்கள் துணியவில்லை. பின்னாளில் சவுல் அதை மீறிக் கிபியோனியரைக் கொன்றதினிமித்தம் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று என்று 2 சாமுவேல் 21 கூறுகிறது. சத்துருவுக்குத் தன் திட்டத்தை மறைப்பது வேறு. அவனுக்குக் கொடுத்த வாக்கை முறிப்பது வேறு என்பதை இவ்விரு அதிகாரங்களும் சேர்ந்தே போதிக்கின்றன.

திருச்சபையின் போதகர்கள் இவ்வேறுபாட்டைப் பேணினர். நீதியான போரில் வெளிப்படையாகப் போரிடுவதா, பதிவிருந்து போரிடுவதா என்பது நீதியைப் பாதிப்பதில்லை என ஆயியின் வரலாற்றை விளக்குகையில் அகஸ்தீன் எழுதினார். அவரே போனிபாசு என்னும் படைத்தலைவனுக்கு எழுதிய நிருபத்தில், கொடுத்த வாக்கைச் சத்துருவுக்கும் காக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இன்னும் தெளிவாகப் பிரித்தார்: நம் நோக்கத்தை வெளியிடாதிருப்பது ஏற்கத்தக்கது, பொய் சொல்லுவதும் வாக்குத் தவறுவதும் ஒருபோதும் ஏற்கத்தக்கவை அல்ல.

இக்கோடு பின்னர் சர்வதேசச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் போர்த் தந்திரங்களை அனுமதித்தன. துரோகமாகக் கொல்லுவதையும் சமாதானக் கொடியைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடுத்தன. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறையின் 37ஆம் பிரிவு, சரணடைவதுபோலவோ காயமுற்றவன்போலவோ நடித்துச் சத்துருவைக் கொல்லுவதைத் துரோகம் எனத் தீர்க்கிறது. உருமறைப்பும், போலி இலக்குகளும், பொய்ச்செய்திகளும் துரோகம் ஆகா என்றும் அது கூறுகிறது. பொய்ச்சொல்லை அக்வினாஸ் விலக்கினார், சட்டமோ அனுமதிக்கிறது. இந்த இடைவெளியை நாம் கவனிக்கவேண்டும்.

இதற்கு இரண்டாம் உலகப்போரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருவோம். 1943 ஏப்ரல் 30 அன்று ஸ்பெயினின் உவெல்வா கடற்கரைக்கு அருகே, செராஃப் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒரு பிரேதத்தைக் கடலில் விட்டது. அது மேஜர் வில்லியம் மார்ட்டின் என்னும் கற்பனை அதிகாரியின் உடையை அணிந்திருந்தது. நேச நாடுகளின் படையெடுப்பு கிரேக்கத்திலும் சார்டீனியாவிலும் நிகழும் என நம்பச்செய்யும் கடிதங்கள் அதனுடன் இருந்தன. ஜெர்மானியர் நம்பினர், கிரேக்கத்திற்குப் படைகளை அனுப்பினர். ஜூலை 10 அன்று நேசப்படைகள் இறங்கிய இடம் சிசிலி. இத்தந்திரத்தால் அநேகப் போர்வீரர் உயிர் தப்பினர் என்று கூறுவோரை நாம் எளிதில் மறுக்கமுடியாது.

ஆனால் அந்த உடல் யாருடையது? கிளின்டுவர் மைக்கேல் என்னும் வேல்ஸ் நாட்டு ஏழையுடையது. வீடற்றவராய் லண்டனில் வாழ்ந்து, எலி விஷத்தால் 1943 ஜனவரியில் மாண்டவர் அவர். தம் உடல் இவ்வாறு பயன்பட அவர் இசைவு தரவில்லை. உவெல்வாவில் உள்ள அவர் கல்லறையில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொய்ப்பெயரே இருந்தது. 1998இல்தான் உண்மைப்பெயர் பொறிக்கப்பட்டது.

இங்கே ஆணை எதுவும் முறிக்கப்படவில்லை. சமாதானக் கொடி எதுவும் அவமதிக்கப்படவில்லை. எனினும், தேவசாயலாகப் படைக்கப்பட்ட ஒரு மனிதன், கேட்பாரற்றவன் என்பதாலேயே கருவியாக்கப்பட்டான். சத்துருவுக்கு இழைக்கப்படும் துரோகத்தைச் சட்டம் தடுக்கிறது. நம்மவரில் எளியவனுக்கு இழைக்கப்படுவதையும் விசாரிப்பது திருச்சபையின் கடமை. போர்வீரர் குடும்பங்களுக்கு மேய்ப்பராகப்போகும் மாணவர்கள், வெற்றியைக் காட்டி உபாயம் முழுவதையும் நியாயப்படுத்தவும் வேண்டாம். படைவீரனின் மனச்சாட்சியை இலேசாகக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். ஆயியைப் பிரசங்கிக்கும் நாவு கிபியோனையும் பிரசங்கிக்கட்டும்; யாருடைய பெயர் மறைக்கப்பட்டது என்றும் கேட்கட்டும்.