26 எழுத்து, 142 பைட்

தை மாதக் காலை, சிங்காநல்லூர் குளக்கரை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிற பக்கம் தள்ளி, தண்ணீர் வெளிச்சமாகத் தெரிகிற மூலையில் கூழைக்கடாக்கள் இறங்கியிருந்தன. நான் போனை எடுத்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "ஏனுங் தம்பி, இங்க டவர் கெடைக்குதுங்களா?"

கிடைத்தது. எங்கள் வாக்கிங் குரூப்பில் ஒரு வரி தட்டினேன்.

"சிங்காநல்லூர் குளத்துல கூழைக்கடா வந்திருக்குதுங்க."

ஒரு டிக். மூச்சு விடுவதற்குள் ரெண்டு டிக். பெரியவரின் சட்டைப்பையில் சத்தம் வந்தது. அவரும் அதே குரூப்தான். கண்ணாடியை எடுத்து மாட்டி, போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து வாசித்துவிட்டு, "நானுந்தான பாத்துட்டு நிக்கறேன், இதையேங்க எனக்கு அனுப்பறீங்க?" என்றார். அதே நேரம் சிங்கப்பூரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் அக்கா மகளின் போனிலும் அது விழுந்திருந்தது. ரெண்டடி தள்ளி நிற்பவருக்கும் கடல் தாண்டி இருப்பவளுக்கும் அந்த வரி அநேகமாக ஒன்றாகவே போய்ச் சேர்ந்தது. பெரியவருக்குச் சொல்ல எனக்கு அப்போது பதில் இல்லை. அந்த வரி போன வழியைப் பின்னாலேயே போய்ப் பார்த்தால் ஏதாவது கிடைக்கலாம்.

முதலில் அதன் உடம்பு. தமிழய்யா கணக்கில் அந்த வரி 26 எழுத்து. போனின் கணக்கு வேறு. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தருகிற யூனிகோடு முறையில் 'சி' என்பது ஒன்றல்ல, இரண்டு: 'ச' ஒரு குறி, மேலே வளைகிற இகரக் கொக்கி இன்னொரு குறி. 'ங்' என்றால் 'ங' ஒன்று, புள்ளி ஒன்று. சிங்காநல்லூர் என்ற ஏழெழுத்து ஊருக்குப் போன் 13 குறி வைத்திருக்கிறது. வரி முழுவதற்கும் 46 தமிழ்க் குறி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். நடுவில் உள்ள மூன்று இடைவெளிக்கும் கடைசி முற்றுப்புள்ளிக்கும் ஒவ்வொரு பைட். ஆக 142. இதையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தால் 53 பைட்டில் முடிந்திருக்கும். இடைவெளிக்குக்கூட ஒரு பைட் போதும், நம் 'ழை'க்கு ஆறு வேண்டும்.

இன்றைக்கு இது பெரிய பாரமில்லை, ஒரு போட்டோவின் எடைக்கு முன்னால் தூசு. எஸ்.எம்.எஸ். காலத்தில் பாரமாகத்தான் இருந்தது. ஓர் எஸ்.எம்.எஸ்.ஸின் வயிறு 140 பைட். இங்கிலீஷ் எழுத்தென்றால் ஏழு பிட்டாக இறுக்கி 160 அடைக்கலாம். தமிழென்றால் எஸ்.எம்.எஸ்.ஸின் தனிக் கணக்கில் குறிக்கு இரண்டு பைட் வீதம் 70 குறிதான், அதில் கொக்கியும் புள்ளியும் சேர்த்தி. என் கூழைக்கடா வரி இடைவெளி, முற்றுப்புள்ளி சேர்த்து 50 குறி என்பதால் தப்பியது. எழவுச் செய்தி, காரியம் எங்கே, எத்தனை மணிக்கு என்று விவரமாகத் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று மெசேஜாக உடையும், அத்தனைக்கும் காசு பிடிக்கும். ஒரு தலைமுறை இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதப் பழகியதற்குச் சோம்பலைக் காரணம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அன்றைய போன்கள் பலவற்றில் தமிழே கிடையாது என்பது தனிக் கதை.

தமிழ் இருந்த போனிலும் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டுமே. 'கூழைக்கடா'வில் வரும் 'ழை'யைப் பாருங்கள். நாம் ஐகாரக் கொம்பை முதலில் போட்டு, பிறகு 'ழ' எழுதுகிறோம். போனுக்குள் 'ழ' முன்னால், கொம்பு பின்னால். அதை இடம் மாற்றி முன்னால் நிறுத்துவது திரையில் வரைகிற மென்பொருளின் சோலி. 'லூ', 'கு', 'து' போன்றவற்றுக்குத் தனித்தனி வடிவம் தேடி எடுப்பதும் அதன் சோலிதான். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் இந்தச் சோலி நடக்கவில்லை. "கட்டம் கட்டமாத் தெரியுதுங்க" என்பது அந்தக் காலத்தின் பொதுப் புலம்பல். செய்தி கடலெல்லாம் தாண்டி வந்து, கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் இருக்கிற கடைசி ஒரு சாணில் செத்துப்போகும்.

அதற்கும் முன்னால் எழுத்துருக் குழப்பம். ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு குறியீடு, ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. 2005-இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. அக்கா மகளின் போன் இருக்கும் ஊர் அந்த வகையில் இந்த வரிக்குப் பிறந்த வீடு மாதிரி.

இன்னொரு வீடு இங்கேயே இருக்கிறது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை அவினாசி சாலை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருப்பது ஊர்வலமும் கூட்டமும் புதிதாகப் போட்ட ரோடுகளும். அதனுடன் சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது அந்த மாநாட்டை ஒட்டித்தான். அப்போது முதல்வராக இருந்தவர் கருணாநிதி. அறுபது வருஷத்துக்கும் முன்னால், திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1947-இல் வெளியான 'ராஜகுமாரி'க்கு வசனம் எழுத வந்து, இதே சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் குடியிருந்தவர். பேனாவில் எழுதின ஊரையே எண்ணாக எழுதுகிற முறைக்கும் சாட்சியாக்கிவிட்டார். தற்செயல்தான், இருந்தாலும் கரைமேல் நிற்கும்போது நினைக்க நன்றாக இருக்கிறது.

சரி, வரி பிறந்தாயிற்று. அனுப்பு என்று அழுத்தியதும் செயலி அதைப் பூட்டுகிறது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் இரு முனைப் பூட்டு, நடுவில் இருப்பவர் திறக்க முடியாது. பூட்டு, முகவரி, வரிசை எண் எல்லாம் சேர்ந்து 142 பைட் கொஞ்சம் ஊதுகிறது. இணையத்தில் ஒரு பொட்டலம் சாதாரணமாக 1500 பைட் வரை தாங்கும். ஆகவே நம் வரி ஒரே பொட்டலம். கூழைக்கடாவை வெட்டிக் கூறு போட வேண்டியதில்லை.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். போன் நினைத்த மாத்திரத்தில் டவரிடம் பேசிவிட முடியாது. பேச இடம் கேட்க வேண்டும். சும்மா கிடந்த 4ஜி போன் விழித்துக்கொண்டு, 64 விதமான சீட்டியில் ஒன்றைத் தேர்ந்து, டவரை நோக்கி ஊதும். டவர் அதைக் கேட்டால், 'சரி, இன்ன நேரத்தில், இன்ன அலைவரிசைத் துண்டில் பேசு' என்று ஆயிரத்தில் ஒரு வினாடிக் கணக்கில் இடம் ஒதுக்கும். 'நீ தள்ளி இருக்கிறாய், கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பி, அப்போதுதான் மற்றவர்களோடு ஒட்டி வந்து சேரும்' என்று தூரத்துக்குத் தக்கபடி திருத்தமும் சொல்லும். ஒரே நொடியில் இரண்டு போன் ஒரே சீட்டியை ஊதினால் மோதல். இரண்டும் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊத வேண்டும். குளக்கரையில் காலை ஆறரைக்கு யார் மோதப்போகிறார்கள்? தீபாவளிக்கு முந்தின ராத்திரி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வண்டிக்கு நிற்கிற கூட்டத்தில் போய்ப் பாருங்கள். டவர் முழுக் கோடு காட்டும், மெசேஜ் போகாது. கடிகாரச் சின்னம் அப்படியே நிற்கும். டவர் தெரிவதும் டவர் பேச இடம் தருவதும் வேறு வேறு.

இத்தனை பேச்சுக்கும் போன் செலவழிக்கும் ரேடியோ சக்தி அதிகபட்சம் ஐந்தில் ஒரு வாட். சாமி ரூம் சீரோ வாட் பல்பு இதைவிட எத்தனையோ மடங்கு குடிக்கிறது.

டவருக்கோ கரண்ட் வேண்டும். 2012-இல் இந்த ஊர் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. மின்வெட்டில் பட்டறை லேத்து நின்றது, ஃபவுண்டரி நின்றது, மோட்டார் பம்ப் கம்பெனிகள் ஷிஃப்ட்டை ராத்திரிக்கு மாற்றின. டவருக்கடியில் இருக்கிற 48 வோல்ட் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் ஜெனரேட்டர். டீசலும் தீர்ந்தால் போனில் கோடு ஒவ்வொன்றாக இறங்கும். காற்றில் போகிற பேச்சு என்கிறோம். அது டீசலில் ஓடியது.

கரண்ட் இருந்தும் டவர் செத்த சமயம் ஒன்று உண்டு. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், கொங்கு நாட்டில் வீட்டுக்கொரு சிம் என்ற அளவுக்குப் பரவியிருந்தது. 2018 பிப்ரவரி கடைசியில் அதன் சேவை சரிந்து, கம்பெனி திவால் மனு போட்டது. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அதை அனுப்பவே டவர் வேண்டும். கடைகள் முன்னால் ஆட்கள் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த எண்ணில். பெரியவரும் அதில் ஒருவராம். இன்றைக்கு அவர் முதலில் டவரைப் பற்றிக் கேட்டது சும்மா இல்லை.

டவரிலிருந்து இறங்கிய பிறகு வழி சொல்ல அதிகமில்லை. கண்ணாடி இழை, ரோட்டோரக் குழி, பெரிய ஊர், அதைவிடப் பெரிய ஊர். இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னை வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஆயிரத்தில் இரண்டரை வினாடி. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3200 கிலோமீட்டர். அதைக் கடக்க ஆயிரத்தில் பதினாறு வினாடி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அடித்தபோது இணைப்புகள் பழுதாகி வெளியூர்களிலும் நெட் நத்தையாக ஊர்ந்தது. சென்னையில் காற்றடித்தால் எங்களுக்கும் சளி பிடிக்கும்.

எங்கோ ஒரு சர்வர், பூட்டைத் திறக்காமலேயே, குரூப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் எடுத்துவிடுகிறது. ஒரு நகல் சிங்கப்பூருக்கு. ஒரு நகல் வந்த வழியே திரும்பி, கோயமுத்தூர், சிங்காநல்லூர், அநேகமாக அதே டவர், பெரியவரின் சட்டைப்பை. ரெண்டடிக்கு இந்தச் சுற்று. குறுக்கு வழி கிடையாது. பக்கத்தில் நிற்பவரைப் போனுக்குத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும்.

பெரியவருக்கு இதில் இன்னொரு மனத்தாங்கல். "இந்த டவருங்க வந்துதான சிட்டுக்குருவி அத்துப்போச்சு?" என்றார். 2018-இல் வந்த '2.0' படம் இந்த எண்ணத்துக்கு நிறையத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. ஆனால் 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, குருவி நாடு முழுக்கப் பார்த்தால் நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது, டவர் கதிர்வீச்சைக் காரணம் காட்ட ஆதாரமில்லை என்று சொன்னது. கூடு கட்ட இடமும் குஞ்சுக்குப் பூச்சியும் குறைந்ததைத்தான் அது சந்தேகித்தது. அந்த அறிக்கை எதை வைத்து எழுதப்பட்டது என்பதுதான் வேடிக்கை. 15,500 பேருக்கு மேல் இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிய ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகள் அதன் அடிப்படை. அதில் எத்தனையோ இப்படி ஏதாவது கரைமேல் நின்று போனில் தட்டியவை. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சிக் கூண்டில் ஏறிய மாதிரி. பெரியவர் முழுதாக ஒப்பவில்லை. "எங்கூட்டுத் திண்ணையில இருந்துச்சுங்க, இப்ப இல்லீங்க" என்றார். ஓட்டு வீட்டை இடித்து ஆர்.சி. போட்டது எந்த வருஷம் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

இந்தக் குளத்தை 2017-இல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. சாக்கடை வரத்து அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலரோடு வருகிறார்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பு கடித்துக்கொண்டே குளம் குளமாகப் போகிறவர்கள் உண்டு. அன்று அந்த நாட்களில் ஒன்று. டவர் இல்லாத இடத்தில் எழுதினாலும் இ-பேர்டு செயலி பட்டியலை வைத்திருக்கும், டவர் வந்ததும் ஏற்றிவிடலாம். குரூப் வரி நாளைக்குள் நூறு 'குட் மார்னிங்' பூவுக்கு அடியில் போய்விடும். இந்தப் பட்டியல் மேலேயே இருக்கும். ஆனால் அது 'வந்திருக்குதுங்க' என்பதோடு திருப்தி அடையாது.

சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. எட்டாவது படிக்கும்போது என்னோடு இதே கரையில் பைனாகுலருக்குச் சண்டை போட்டவள். இங்கிலீஷ் எழுத்தில், கேள்விக்குறியோடு ஏழு பைட்: எத்தனை?

பெரியவர் எனக்கு முன்னால் எண்ணத் தொடங்கிவிட்டார். ஒன்று பறந்து இடம் மாறியதால் நடுவில் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "பதினாலுங்க. அந்தக் கட்டைக்குப் பின்னால நிக்கறது நாரை, அதைச் சேக்காதீங்க."

14 என்று தட்டினேன். இரண்டு பைட்.